விறாந்தையில் ஒரு கல்லடிப் பாலம்: வாசகர் கேள்விகள், ரீச்சர் பதில்கள்

போன ஆகஸ்ட் லீவில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு மேசை போட்டு, 17 பிள்ளைகள் தாங்களே யோசித்து லெகோ என்ற பிளாஸ்டிக் பொருத்துக் கட்டைகளில் கட்டிய உருவங்களை இரண்டு நாள் பார்வைக்கு வைத்தோம். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களோ ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய. வழக்கமாகக் கணக்கும் பரீட்சைப் பயமும் பற்றிக் கேட்கும் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும். இந்த முறை முழுப் பக்கமும் கட்டைக்குத்தான்.

கத்தாரில் இருக்கும் என் தம்பி மகனுக்கு ஒரு பெரிய லெகோ பெட்டி அனுப்பினார். தீயணைப்பு வண்டி. மகனுக்கு 10 வயது. புத்தகத்தைப் பார்த்து ஒரே நாளில் கட்டினான், அடுத்த நாளே பிரித்துவிட்டான். மறுகா அந்த வண்டி வரவேயில்லை. இப்ப அதே கட்டைகளில் கோழிக்கூடு, ஓட்டோ, கிணறு என்று என்னென்னவோ கட்டுகிறான். ‘இவ்வளவு காசுச் சாமானை வீணாக்குகிறான்’ என்று அவனுடைய வாப்பா ஏசுகிறார். திரும்பவும் வண்டியைக் கட்டச் சொல்லவா?
— ஒரு தாய், காத்தான்குடி

வேண்டாம் தங்கச்சி. உங்கள் மகன் ஒன்றையும் வீணாக்கவில்லை. அந்தக் கட்டை எதற்கு உண்டானதோ அதைத்தான் செய்கிறான்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் 1932இல் மர விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கினார். 1934இல் தன் தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளை ஒட்டினால் வருவதுதான் லெகோ. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கட்டைக்கு, அதாவது மேலே குமிழும் அடியில் குழாயும் உள்ளதற்கு, காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28இல். அந்தக் குழாய் வந்த பிறகுதான் கட்டை கட்டையை இறுக்கிப் பிடித்தது. பிடித்ததைப் பிரிக்கவும் முடிந்தது. பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதாக இருந்தால் உங்கள் மகனுக்குக் கோழிக்கூடு கிடைத்திருக்காது.

வாப்பாவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறக் கட்டை இரண்டை எடுத்தால் 24 விதமாகப் பொருத்தலாம். நான் படிப்பித்த காலத்தில் தரம் 7 பிள்ளைகளிடம் இரண்டிரண்டு கட்டை கொடுத்து எண்ணச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் 46இல் நிற்பார்கள். சுற்றித் திருப்பினால் ஒன்றாகிவிடுவதைக் கழித்த பிறகுதான் 24 வரும். மூன்று கட்டை என்றால் 1,060. ஆறு கட்டை என்றால்? 1974இல் கொம்பனி சொன்ன எண்ணிக்கை 102,981,500. அதில் ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கோபுரங்கள் மட்டும்தான் சேர்ந்திருந்தன. பக்கவாட்டில் விரிவனவற்றையும் சேர்த்து எண்ணியபோது, கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸுக்கும் அவருடன் சேர்ந்து எண்ணியவருக்கும் கிடைத்தது 915,103,765. ஆறு கட்டைக்கே இப்படி. உங்கள் பெட்டியில் எத்தனை நூறு கட்டை இருக்கும்! தீயணைப்பு வண்டி அதில் ஒரேயொரு விதம்.

உலகம் முழுக்க இந்தக் கட்டைப் பிரியர்கள், புத்தகம் பாராமல் தாங்களே யோசித்துக் கட்டியதற்கு ‘மொக்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘மை ஓன் கிரியேஷன்’, என் சொந்தப் படைப்பு என்பதன் முதலெழுத்துகள். அவர்களுடைய கூட்டங்களில் ஆட்கள் சுற்றி நிற்பது மொக் மேசையைத்தான்.

புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். தொலைந்தாலும் கவலையில்லை, கொம்பனி தன் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அப்புறம் வாப்பாவை ஒரு நாள் மகன் பக்கத்தில் இருந்து, ‘இந்தக் கோழிக்கூட்டுக் கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்குது?’ என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அவன் சொல்லும் காரணத்தைக் கேட்டால் ஏச்சு நின்றுவிடும்.

கண்காட்சிக்கு நானும் வந்தேன் ரீச்சர். அங்கே இருந்த கல்லடிப் பாலத்தைப் போல நானும் கட்டத் தொடங்கினேன். சரிவாகப் போகும் சட்டங்கள் பொருந்தமாட்டேன் என்கின்றன. ஒரு முனையை அமர்த்தினால் மறுமுனை கழன்றுவிடுகிறது. என்னிடம் சாம்பல் நிறக் கட்டையும் குறைவு.
— தரம் 10 மாணவன், அக்கரைப்பற்று

மகன், பதிலுக்கு முன் உன்னிடம் ஒரு கேள்வி. நீ கட்டுவது கல்லடிப் பாலத்தையா, எங்கள் மேசையில் இருந்த பாலத்தையா? மேசையில் இருந்தது நாவற்குடாப் பிள்ளை ஒருத்தி கட்டியது. அவள் எதைச் சேர்த்தாள், எதை விட்டாள் என்று உனக்குத் தெரியாது. அவள் விட்டதை நீயும் விட்டுவிடுவாய்.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் பஸ் பாலத்தைத் தாண்டித்தான் டவுனுக்குள் போகும். ஒரு நாள் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கு. 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனம் ஓடும். பக்கத்தில் நிற்கும் பழையதுதான் நமக்கு வேண்டும். 1924இல் கட்டி, அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரை வைத்து லேடி மனிங் பாலம் என்றார்கள். நூறு வயது கடந்த இரும்பு. கொப்பியும் பென்சிலும் கொண்டு போ. போனில் படம் எடுப்பதை விடக் கொப்பியில் கீறு, கீறும்போதுதான் கை எண்ணும். சரிவுச் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது, நடுவுக்கு வந்ததும் திசை மாறுகிறதா, இரண்டு நிமிர்ந்த சட்டங்களுக்கு இடையில் எத்தனை அடி எடுத்து வைக்கிறாய்? இதையெல்லாம் எழுது. வெயில் சாய்ந்த பிறகு போ. அந்த நேரத்தில் சட்டங்களின் நிழல் தரையில் விழும், பாலத்தின் படத்தைப் பாலமே கீறிக் காட்டும்.

இனிக் கழன்றுவிடும் காரணம். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மில்லிமீட்டர். கட்டை எப்போதும் இந்த எட்டின் கட்டத்தில்தான் உட்காரும். சரிவாக ஒரு சட்டம் வைத்தால் அதன் மறுமுனை பெரும்பாலும் இரண்டு குமிழுக்கு நடுவில் போய் விழும். பிடித்து அமுக்கினால் அன்றைக்கு நிற்கும், நாலு மாதத்தில் கட்டை வெடிக்கும். அப்படிச் செய்யாதே.

இதற்கு விடை உன் கணித நூலிலேயே இருக்கிறது. பைதகரஸ். 3, 4, 5. துளை உள்ள நீளச் சட்டங்கள் உன்னிடம் இருந்தால், அவற்றின் துளைகளும் 8 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். கிடையில் 4, நிமிர்ந்து 3, சரிவில் 5. சரியாகக் கட்டத்தில் போய் உட்காரும். ஆனால் இங்கே ஒரு வழுக்கல் உண்டு, நானும் வழுக்கினேன். மூன்று துளை, நாலு துளை, ஐந்து துளைச் சட்டங்களை எடுத்துப் பொருத்தினேன். முக்கோணம் வந்தது, செங்கோணம் வரவில்லை. ஒரு இரவு முழுக்க யோசித்தேன். எண்ண வேண்டியது துளையை இல்லை, துளைக்குத் துளை உள்ள இடைவெளியை. மூன்று இடைவெளிக்கு நாலு துளை வேண்டும். ஆகவே 4, 5, 6 துளைச் சட்டங்களை எடு. வேலிக்குக் கட்டை நடுகிறவர்களுக்கு இது தெரியும்: பத்து இடைவெளிக்குப் பதினொரு கட்டை.

இன்னொரு கணக்கையும் கொப்பியில் எழுதி வை. கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், குமிழ்த் தூரம் 8. ஐந்து கட்டையை அடுக்கினால் 48 மில்லிமீட்டர், ஆறு குமிழ் நீளமும் 48. கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைகள் ஐந்தை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது இரண்டு குமிழ். கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டும்போது இந்த இரண்டு சமன்பாடும்தான் கைகொடுக்கும். பாலத்தின் ஓரக் கம்பிகளை அந்த நாவற்குடாப் பிள்ளை தட்டைகளைப் படுக்கவைத்துத்தான் கட்டினாள்.

அளவைப் பற்றி: லெகோ மனிதன் ஏறக்குறைய 4 சென்ரிமீட்டர் உயரம். அவன் நடந்து போகிற பாலம் என்றால் 40இல் ஒரு பங்காகக் குறைத்துக்கொள், ஒரு மீட்டருக்கு மூன்று குமிழும் கொஞ்சமும் வரும். முழுப் பாலத்தையும் அந்த அளவில் கட்டினால் விறாந்தையைத் தாண்டிப் படலைக்கு வெளியே போய்விடும். அவள் பாலத்தின் ஒரு கண்ணை, அதாவது இரண்டு தூணுக்கு இடைப்பட்ட பகுதியை, மட்டும் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டினதுபோல விட்டிருந்தாள். பார்த்தவர்களின் மனம் மீதிப் பாலத்தைக் கட்டிக்கொண்டது.

நிறத்துக்குக் கவலைப்படாதே. அவளுடைய பாலம் என்ன நிறம் என்று நினைவிருக்கிறதா? சிவப்பு. கையில் அதிகம் இருந்தது சிவப்புத்தான். வந்த முந்நூறு பேரில் ஒருவரும் ‘இது என்ன பாலம்?’ என்று கேட்கவில்லை. இரும்பு எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் போதும்.

பாலமீன்மடு வெளிச்சவீட்டைக் கட்ட ஆசை. சதுரக் கட்டையில் வட்டம் எப்படி வரும்?
— க.பொ.த. உயர்தர மாணவி, முகத்துவாரம்

வரும் மகள். வெளிச்சவீடு 1913இல் கட்டியது, உயரம் 28 மீட்டர். நூறில் ஒரு பங்காகக் குறைத்தால் 28 சென்ரிமீட்டர், 29 கட்டை உயரம். இந்த அளவுக்கு உருண்டைக் கட்டைகளே போதும். பாலத்தைப் போல 40இல் ஒரு பங்கு வேண்டுமென்றால் 70 சென்ரிமீட்டர், 73 கட்டை வரும். அப்போது இரண்டு குமிழ்க் கட்டையும் ஒரு குமிழ் உருண்டைக் கட்டையும் மாறி மாறி வைத்து, வரிசைக்கு வரிசை இடம் தள்ளி, நீளமான ஒரு மதில் கட்டு. உருண்டைக் கட்டைகள் சந்திக்கும் இடமெல்லாம் முழங்கை மாதிரி மடங்கும். பிறகு மதிலை மெல்ல மெல்ல வளைத்து முனைகளைச் சேர். வளைக்கும்போது பாய் சுருட்டுவது போல இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு கையால் இழுத்தால் நடுவில் பிளந்துவிடும்.

என் பிள்ளைகள் இப்போது கனடாவில். அவர்கள் விளையாடிய கட்டைகள் என்னிடம் இருக்கின்றன. வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. பேரப்பிள்ளைகள் வரும்போது கொடுக்கலாமா, எறிந்துவிடவா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், களுவாஞ்சிகுடி

எறியாதீர்கள் ஐயா. நான் ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதல் பெட்டி சுவிஸில் இருந்த அண்ணன் அனுப்பியது. மகளும் மகனும் அதில்தான் வளர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீட்டில் சுவர் இரண்டு மிஞ்சியது. நாங்கள் நாலு பேரும் உயிரோடு இருந்தோம், பக்கத்து வளவுகளில் அப்படியில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். மூன்று மாதம் கழித்து வளவைத் துப்புரவாக்கும்போது மகன் மணலை அரிதட்டில் அரிக்கத் தொடங்கினான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு கிழமையில் 43 கட்டை எடுத்தான். இரண்டு கட்டைகள் பொருந்தியபடியே வந்தன. கடலும் மணலும் பிரிக்காத அந்த இரண்டையும் நானும் பிரிக்கவில்லை, இன்றும் அலுமாரியில் இருக்கின்றன. மற்ற 41உம் கண்காட்சி மேசையில் பிள்ளைகளின் கட்டைகளோடு கலந்து நின்றன. போன வருடம் வாங்கிய கட்டையோடும் பிசகாமல் பொருந்துகின்றன. 1958இல் செய்த கட்டையே இன்றைய கட்டையோடு பொருந்தும் என்பதுதான் இந்தச் சாமானின் பெருமை.

உங்கள் மஞ்சளுக்குக் காரணம் வெயில். 1963 முதல் இவை ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதை மெல்ல மெல்லப் பழுப்பாக்கும், வெள்ளையிலும் சாம்பலிலும் முதலில் தெரியும். யன்னல் ஓரத்தில் வைத்தது மஞ்சளாகும், பெட்டிக்குள் இருந்தது ஆகாது. கழுவுவதற்குக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர், 40 பாகைக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் சவர்க்காரம், பழைய பற்பிரஷ். சாக்குத் துணியில் நிழலில் காயவையுங்கள். கொதிதண்ணீர் ஊற்றினால் கட்டை நெளிந்துவிடும். பாமசியில் விற்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் அது கையைச் சுடும், சில கட்டைகள் மொறுமொறுப்பாகி உடையும், வெளுத்ததும் சில காலத்தில் திரும்ப மஞ்சளாகலாம். நான் செய்வதில்லை. பழைய சுவர், பழைய ஓடு கட்டுவதற்கு அந்த மஞ்சளை விட வடிவான நிறம் கடையில் கிடைக்காது.

எங்களிடம் இருப்பது கடையில் விற்கும் மலிவுக் கட்டை, லெகோ இல்லை. அதில் கட்டியதைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தால் சிரிப்பார்களா? அது களவுச் சாமானா?
— இரு சகோதரர்கள், சாய்ந்தமருது

ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எங்கள் மேசையில் பாதிக்கு மேல் கலப்புக் கட்டைதான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கொஞ்சம் நீளம், ஆனால் நன்றாகக் கேட்டீர்கள்.

கட்டையின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. குமிழ் வைத்த அந்த வடிவம் எங்களுக்கே சொந்தம் என்று கொம்பனி நீதிமன்றம் போனது. 2005இல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும், வேலை செய்வதற்காக அமைந்த வடிவத்தை வணிகச் சின்னமாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டன. ஆகவே பொருந்தும் கட்டையை வேறு ஒருவர் தன் பெயரில் செய்து விற்பது களவு இல்லை. அடுத்தவரின் பெயரையும் பெட்டிப் படத்தையும் போட்டு விற்பது களவு. அதை விட எனக்கு வயிறெரிவது இன்னொன்று. எங்கோ ஒரு பிரியர் மாதக்கணக்கில் யோசித்துக் கட்டிய மொக்கின் படத்தை இணையத்தில் எடுத்து, அவரைக் கேட்காமலே பெட்டி போட்டு விற்கிறார்கள். அந்தப் பெட்டியில் அவர் பெயர் இருக்காது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

வெளிநாடுகளில் சில பிரியர் கூட்டங்கள் லெகோ மட்டும்தான் என்று கண்டிப்பாக இருப்பார்கள், அது அவர்கள் வீட்டுச் சட்டம். மலிவுக் கட்டையில் உள்ள உண்மையான சிரமம் பிடிமானம். சிலது இறுகும், சிலது தளரும். தளர்வானதைச் சுவரின் நடுவிலும் இறுகுவதை மூலையிலும் அடியிலும் வையுங்கள்.

போனில் எடுத்தால் நான் கட்டியது பொம்மை மாதிரி சின்னதாகத் தெரிகிறது.
— ஒரு மாணவி, செங்கலடி

போனைத் தலைகீழாகப் பிடித்து, கமராக் கண் மேசையில் முட்டுகிற அளவுக்கு இறக்கு. லெகோ மனிதனின் கண் உயரத்தில் இருந்து பார். பின்னால் ஒரு வெள்ளை பிறிஸ்ரல் போட்டை மடிக்காமல் வளைத்து நிறுத்து. காலை எட்டு மணி விறாந்தை வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம்.

என்னிடம் 200 கட்டைதான் இருக்கிறது ரீச்சர். பெரிதாக ஒன்றும் கட்ட ஒண்ணாது. நான் என்ன செய்ய?
— தரம் 8 மாணவி, திருக்கோவில்

சின்னதாகக் கட்டு மகள். புளியந்தீவில் நிற்கும் கோட்டையை எடு. போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தது. நாற்சதுரம், மூலைக்கு ஒரு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி. 16க்கு 16 குமிழ்த் தட்டில் முழுக் கோட்டையும் 120 கட்டையில் வந்துவிடும். கண்காட்சியில் ஒரு பையன் கொண்டுவந்தது உள்ளங்கை அளவுதான். ஒரு குமிழ்க் கட்டை ஒன்று பீரங்கி, நீலத் தட்டை வாவி. கட்டை குறைவாக இருந்தால் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பெரிய பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் வருவதற்கு நாளெடுக்கிறது.

பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ கணினி கிடைத்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸிமன் என்ற இளைஞர் 1995இல் எல்ட்ரோ என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். திரையிலேயே கட்டை அடுக்கலாம். 1997இல் அவர் இறந்துபோனார். ஆனால் உலகெங்கும் உள்ள பிரியர்கள் சம்பளமில்லாமல் ஒவ்வொரு கட்டையாக வரைந்து சேர்த்து அதை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இப்போது பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்று இன்னும் இலகுவான ஒன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் கட்டை தீராது. திரையில் கட்டியதை அச்சடித்துக் கொண்டுவா, மேசையில் அதற்கும் இடம் உண்டு.

உங்கள் கண்காட்சிக்கு மேசை தூக்கி உதவியவன் நான். பெயரட்டை எழுதாத பிள்ளையின் கட்டடத்தை மேசையில் ஏற்ற விடமாட்டேன் என்று நின்றீர்களே, ஏன் அந்தக் கண்டிப்பு?
— ஒரு தொண்டர், கல்லடி

தம்பி, அன்றைக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், ஒரு கண்காட்சிக்கு என்னிடம் படித்த பையன் ஒருவன் உதயதேவி ரயிலைக் கட்டிக் கொண்டுபோனான். மட்டக்களப்பு ஸ்ரேஷனில் நாலு சனிக்கிழமை இருந்து எஞ்சினைப் பார்த்துக் கீறினவன். சில்லு எத்தனை, படி எங்கே, விளக்கு எந்த உயரம் எல்லாம் கொப்பியில் இருந்தது. கொழும்பில் இருந்து வந்த உறவினர் கொடுத்த பெட்டி ஒன்றும், வேறு இரண்டு வீட்டில் இரவல் வாங்கிய கட்டையும். மூன்று மாத வேலை. கண்காட்சியில் அதை நடு மேசையில் வைத்தார்கள். முன்னால் பெரிய அட்டை. அதில் ஒழுங்குசெய்த சபையின் பெயரும் அனுசரணையாளரின் பெயரும் இருந்தன. பையனின் பெயர் இல்லை. வந்த பெரியவர் ஒருவர் ‘யார் கட்டியது?’ என்று கேட்டார். ஒழுங்குசெய்தவர் ‘எங்கள் பிள்ளைகள்’ என்றார். பையன் அந்தப் பேச்சுக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றான். நானும் நின்றேன். நான் வாய் திறக்கவில்லை. சபையில் குழப்பம் வேண்டாம் என்று நினைத்தேன். அவன் அதன்பிறகு ஒன்றையும் கொண்டுவந்து காட்டவில்லை.

அதனால்தான் எங்கள் விறாந்தையில் பெயரட்டை முதலில், கட்டடம் பிறகு. அட்டையில் நாலு விஷயம் கேட்டேன்: பெயர், எதைக் கட்டினாய், எங்கே நின்று பார்த்தாய், எந்த இடத்தில் கஷ்டப்பட்டாய். நாலாவதுதான் ஆட்களை நிறுத்திவைத்தது. ‘கூரை மூன்று தரம் விழுந்தது’ என்று ஒரு சின்னவன் எழுதியிருந்தான். மீன் சந்தையில் இருந்து வந்த ஒரு ஐயா அதை வாசித்துவிட்டுக் குனிந்து கூரையின் அடியைப் பார்த்தார். நாலாவது தரம் எப்படி நின்றது என்று அவனிடமே கேட்டார். அவன் பத்து நிமிடம் விளக்கினான். தன் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த ஐயா அடுத்த நாளும் வந்தார்.

பில்லுண்டில் 2017இல் லெகோ வீடு என்று ஒன்றைத் திறந்தார்கள். அதன் உச்சி மாடத்தில், எட்டு வட்டக் கூரை யன்னல்களின் கீழே, வைத்திருப்பது கொம்பனியின் பெட்டிச் சாமானை இல்லை. உலகின் பல நாட்டுப் பிரியர்கள் கட்டிய சொந்தப் படைப்புகளைத்தான். மேலேயிருந்து பார்த்தால் அந்த மாடம் எட்டுக் குமிழ்க் கட்டை மாதிரியே இருக்கும். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த ரயில் கட்டிய பையன் இப்போது எங்கோ வேலையில் இருப்பான். இந்தப் பக்கத்தை வாசித்தால் ஒரு கடிதம் போடட்டும். அன்றைக்கு நான் சொல்லாத பெயரை அடுத்த கண்காட்சியில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் கட்டியதைக் கொம்பனியே பெட்டியாகச் செய்யும் என்கிறார்களே, உண்மையா?
— மாணவர் குழு, கல்முனை

உண்மை. 2008இல் ஜப்பானில் தொடங்கிய திட்டம், 2014 முதல் லெகோ ஐடியாஸ் என்ற பெயரில் நடக்கிறது. உங்கள் சொந்தப் படைப்பின் படங்களை அனுப்பி, 10,000 பேரின் ஆதரவு சேர்த்தால் கொம்பனியின் குழு பரிசீலிக்கும். எடுத்தால் பெட்டியோடு வரும் புத்தகத்தில் வடிவமைத்தவரின் பெயர் வரும், விற்பனை வருமானத்தில் 1 சதவீதமும் வரும். பத்தாயிரம் தாண்டியவற்றிலும் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. அனுப்புவதென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு விதிகளை வாசித்து அனுப்புங்கள். ஆனால் முதலில் கல்முனைச் சந்தியிலேயே ஒரு மேசை போட்டு வையுங்கள்.

ரீச்சர், எனக்கு 8 வயது. பாடும் மீனைக் கட்டலாமா? பாட்டை எப்படிக் கட்டுவது?
— ஒரு பிள்ளை, காரைதீவு

கட்டலாம் கண்ணா. நீ யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகளின் ஊர்ப் பிள்ளை, நீ கேட்காமல் வேறு யார் கேட்பது!

மீனைக் கட்டாதே. பாட்டைக் கேட்கிற ஆளைக் கட்டு. வாவி மீனின் பாட்டைக் கேட்க நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போவார்கள். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மேல் முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். ஒரு தோணி கட்டு. லெகோ மனிதனின் கையில் ஒரு நீளக் குச்சி கொடு, அது துடுப்பு. அவன் தலையைச் சரிக்க முடியாது, கழுத்து சுற்றும், சாயாது. அதனால் ஆளையே இடுப்பில் மடக்கி, காது துடுப்பில் படும்படி உட்கார வை. தண்ணீருக்கு நீலத் தட்டை. நிலவுக்கு ஒரு வெள்ளை வட்டத் தட்டை, தண்ணீருக்குள் வை, மேலே வேண்டாம்.

கட்டி முடித்ததும் உம்மாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு டிசம்பர் லீவில் வா. யன்னல் பக்க மேசையில் உனக்கு 30 சென்ரிமீட்டர் இடம் அடிமட்டத்தால் அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயரட்டையை நீயே எழுது.